சைக்கிள் மேல் இருப்பவள்

—எழுந்தேன். பல் தேச்சேன். சவரம் பண்ணேன். அவ இஸ்திரி போட்டு வெச்ச சட்டையை மாட்டினேன். காபி குடிச்சேன். கிளம்பினேன். அவ்வளவுதான், அக்கா.

—போலீஸ்ல ஒப்பிக்கற மாதிரி ஒப்பிக்கறீங்க, மாப்பிள்ளை. என் தங்கச்சி அன்னிக்கு வாயே தொறக்கலையா?

—ஒண்ணும் சொல்லல.

—அவளா? தூக்கத்துலகூட வழக்காடுறவ! மத்தியானம் மூளையில நரம்பு வெடிச்சு விழப்போறவ, காலைல புருஷன்கிட்ட ஒரு வார்த்தை பேசலையாம். நம்பிட்டேன்.

—அதை விடுங்க. இந்தப் படத்தைப் பாருங்க. அவ பெட்டியில, துணிக்கு அடியில இருந்துச்சு. பெரிசு பண்ணி மாட்டணும்.

—கல்யாண ஆல்பம் என்னாச்சு?

—அதுல எல்லாத்துலயும் தலை குனிஞ்சிருக்கா.

—அன்னிக்குக் குனிஞ்சவதான். குடுங்க இப்படி.

—ஸ்டுடியோக்காரர் அவளை மட்டும் வெட்டி எடுத்துத் தரேன்னார். ஆனா பக்கத்துல இருக்கற பொண்ணோட கை அவ தோள் மேல கிடக்கு. யாரு அது? சைக்கிள் மேல உக்காந்துக்கிட்டு...

—தெரியலையா?

—தெரியல. காலேஜ் சிநேகிதியா?

—சொல்றேன், என்ன அவசரம்? நீங்க சொல்லுங்க. ஆளு எப்படி?

—ரெட்டை நாடி உடம்பு. கடவாய்ப் பல் தெரியச் சிரிக்கறா. கொஞ்சம் திமிர் பிடிச்சவ போல.

—சரியாச் சொன்னீங்க. இவ சிரிச்சா நாலு வீடு எட்டிப் பாக்கும். பிடிக்கலையோ?

—எனக்கென்ன. இவளை எடுத்துட்டா போதும். பக்கத்துல அவ எவ்வளவு அடக்கமா நிக்கறா, பாருங்க.

—அடப்பாவமே! மாப்பிள்ளை, அந்த அடக்கமா நிக்கறது நான்.

—நீங்களா?

—டைபாய்டு வந்து எழுந்த நேரம். எலும்பும் தோலுமா இருந்தேன். உங்க வீட்ல என் தங்கச்சி கடைசியா எப்படி இருந்தாளோ, அதே மாதிரி. அதான் உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கு.

—அப்ப சைக்கிள்ல...

—வாயால சொல்லுங்க.

—அவளா?

—அவளேதான். நாலு வருஷம் பக்கத்துல படுத்த முகம்! அவளை வெட்டிக் குப்பையில போட்டுட்டு, குத்துக்கல்லாட்டம் இருக்கற என்னைச் சுவத்துல மாட்டி அழுதிருப்பீங்க.

—போதும், அக்கா.

—போதாது. அவ கடைசியா என்ன சொன்னா? இன்னொரு தடவை ‘ஒண்ணும் சொல்லல’ன்னீங்க, இந்தப் படம் என் பையில போயிடும். அப்புறம் சிரிச்ச முகம்னு ஒண்ணு இந்த வீட்ல கிடையாது.

—சவரம் பண்ணிட்டிருந்தேன். சின்னக் கண்ணாடி. என் தாடை மட்டும்தான் தெரிஞ்சுது. பின்னால வந்து நின்னா.

—நின்னு?

—‘நல்லாத்தான் இருக்கு, போ’ன்னேன். திரும்பிப் பாக்கல.

—நீங்க சொன்னதை யாரு கேட்டா? அவ என்ன சொன்னா?

—‘வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் போற மாதிரி இருக்கு. என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்களேன்’னா.