இரண்டு படம், ஒரே கிளப்

மேட்டினி முடிந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஒரு தம்பதி.

“போன மாசம் பார்த்த படந்தாங்க இதுவும்,” என்றாள் மனைவி.

“அது பம்பாய் கிளப்பு. இது மெட்ராஸ் கிளப்பு,” என்றார் கணவர்.

“எந்த ஊரானா என்ன? ஒருத்தி ஆடுறா. ஒருத்தன் சட்டைக் கைக்குள்ள சீட்டை ஒளிச்சு வைக்கிறான். கதாநாயகன் மோதிரத்தைக் கழட்டிப் பந்தயம் வைக்கிறான். அடுத்தது பொண்டாட்டி வளையல்.”

திருவானைக்காவலில் பஸ் நின்றதும் அவர் எழுந்தார்.

“நீ வீட்டுக்குப் போ. கிளப்புல ரெண்டு ஆட்டம் சீட்டுப் போட்டுட்டு வந்துடறேன். சும்மா பொழுதுபோக்குக்குத்தான்.”

“ரெண்டு படத்துலயும் முதல் சீன்ல அவன் இதையேதாங்க சொன்னான்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.