ராமுவுக்கு எடுத்து வைத்த வடை

புதுக்கோட்டை, 1943-ம் வருஷம், ஆவணி மாதம்.

என் பெயர் கண்ணுசாமி. தகப்பனார் பெயர் நல்லதம்பி. வயது முப்பத்துநாலு. புதுக்கோட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். இவ்வூர் பஸ் கம்பெனி ஒன்றின் ஆபீஸில் கிளார்க் உத்தியோகம். யாரும் அழைக்காமல் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டர் அவர்கள் முன் சொல்வதாவது: டயர் திருடியதாக லாக்கப்பில் வைத்திருக்கும் வண்டிக்கார ராமு எந்தக் குற்றமும் செய்யவில்லை. எங்கள் மானேஜர் புகாரில் எழுதியிருக்கும் ஆபீஸ் ராமு என்ற ஆள் உலகத்திலேயே கிடையாது.

மானேஜர் எங்களில் யாருடைய பெயரையும் கேட்டவரல்ல. எல்லோரும் அவருக்கு 'ஏய்'தான். காலையில் ஒன்றைச் செய்யச் சொல்வார். மத்தியானம் அதையே ஏன் செய்தாய் என்று வைவார். "நீங்கதானங்க சொன்னீங்க" என்று ஒரு நாள் வாய் திறந்த டிக்கெட் கிளார்க்கை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதன் பின் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மானேஜர் மேசையில் சக கிளார்க் ஆத்மநாதன் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டான். அப்போதுதான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. எவன் செய்தது என்று மானேஜர் கத்தவும், ஹெட் கிளார்க் தங்கமுத்து அண்ணன், "ராமுங்க. இப்ப அறந்தாங்கி போயிருக்கான்" என்று சொல்லிவிட்டார். மானேஜர் இல்லாத ராமுவை வாயில் வந்தபடி வைதுவிட்டு உள்ளே போனார். ஆத்மநாதனின் வேலை தப்பியது.

அதற்குப் பின் ஆபீஸில் நடந்த தப்பெல்லாம் ராமு செய்ததே. யாருக்கும் வேலை போகவில்லை. அந்த ராமுவிடம் எங்களுக்கு உண்மையிலேயே பிரியம் உண்டாகிவிட்டது. சாயங்காலக் காப்பிக்கு வடை வாங்கும்போது தங்கமுத்து அண்ணன் அவன் பங்கென்று கூடுதலாக ஒன்று வாங்குவார். அன்று அதிகம் வசவு வாங்கியவர் அதைத் தின்பது எங்கள் ஏற்பாடு. நான் நிறையத் தின்றிருக்கிறேன். மானேஜரே ஒரு தடவை, "எதுத்துப் பேசாதவன் அந்த ராமு ஒருத்தன்தான்யா" என்றார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

சென்ற வாரம் புது டயர் எங்கே என்று மானேஜர் கேட்டார். யுத்த காலத்தில் டயர் கிடைக்கிற கஷ்டம் ஐயா அவர்களுக்குத் தெரியும். அதை அறந்தாங்கி பஸ்ஸுக்கு மாட்டச் சொன்னவர் அவரேதான், மறந்துவிட்டார். அதை அவரிடம் யார் சொல்வது? பழக்க தோஷத்தில் தங்கமுத்து அண்ணன் "ராமுங்க" என்றார். வழக்கம்போல் வைதுவிட்டுப் போவார் என்றிருந்தோம், போலீஸுக்கு எழுதிவிட்டார். பின்னர் கான்ஸ்டபிள் ஆபீஸ் வாசலில் வந்து ராமு யார் என்று கேட்டபோது, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் எங்கள் பஸ்ஸுக்குக் கரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வல்லத்திராக்கோட்டை வண்டிக்காரர் "நாந்தாங்க" என்று முன்னால் வந்தார். அவர் பெயரும் ராமு. வேறு என்ன சொல்வார்?

அவருடைய வண்டிமாடுகளை அவிழ்த்துக்கொண்டு போய் எங்கள் வீட்டு வாசலில் கட்டினேன். என் சம்சாரம் அழகம்மாள், "வைக்கல் போட்டாலும் திங்க மாட்டேங்குதுங்க. வேலை போனா போகட்டும், போயிச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அதன் பேரில் வந்தேன்.

டயர் இப்போது அறந்தாங்கி பஸ்ஸின் பின்சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

தங்கமுத்து அண்ணன் இன்றைய ராமு பங்கு வடையை என்னிடம் கொடுத்தனுப்பினார். இன்ஸ்பெக்டர் அவர்கள் அனுமதியுடன் அதை வண்டிக்காரரிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "என் வண்டிக்கு மரச் சக்கரங்க, டயரை வச்சு நான் என்ன செய்ய" என்று மட்டும் சொன்னார். பின்னர் வடையைப் பிய்த்துப் பாதியைக் கம்பி வழியாக நீட்டி, "நாளைக்கு ஒங்களத்தானங்க வைவாக. நீங்களும் தின்னுங்க" என்றார். வாங்கித் தின்றேன்.

இதில் கண்டது முழுவதும் நடந்தது நடந்தபடி. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பிக் கையெழுத்திடுகிறேன். கையெழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணெய்க் கறை மேற்படி வடையினால் ஏற்பட்டது. அடித்தல் திருத்தல் இல்லை.

(ஒப்பம்) ந. கண்ணுசாமி