உயரம் நீங்கலாக

கயித்த மெதுவா இழுங்க சார், மெதுவா. வாளி செவுத்துல இடிச்சா டீ பூரா மழத்தண்ணிக் குழாய்லதான் போகும். ஆங், வந்துருச்சா? பால் தனியா புட்டியில இருக்கு. பன்றிக்கறி வச்ச ரொட்டியும் கெடக்கும் பாருங்க, என் சம்சாரம் நோரா குடுத்தனுப்பினது. இன்ஷூரன்ஸ்காரரு பசியோட பாத்தா நல்ல கூரையும் ஓட்டையாத்தான் தெரியும், மொதல்ல சாப்பிடக் குடு, அப்புறம் காட்டுன்னு சொன்னா. லஞ்சமா? அட, ஒரு துண்டு பன்றிக்கறியப் போயி லஞ்சம்னு எழுதினீங்கன்னா எங்க பாலிகொரான்ல ஒரு கல்யாணம் நடக்காது.

கீழ வந்து குடிக்கறதா? எதுக்கு? இந்த மாதாகோயில் பங்கு மண்டபத்துக் கூரை மேல நின்னு டீ குடிக்கற பாக்கியம் பிஷப்புக்கே கெடச்சதில்ல. ரெண்டு சரிவுக்கும் நடுவுல சமமா ஈயத் தகடு அடிச்சிருக்கேன் பாருங்க, அதுல நாட்டியமே ஆடலாம். சுத்தி இடுப்பளவுக்குச் செவுரு. விழணும்னு ஆசப்பட்டாக் கூட விழ முடியாது. சரிவுல ஓடு மாதிரி அடுக்கின கல்லுல நான் போட்ட ஸ்லேட்டு எது, பழைய ஸ்லேட்டு எதுன்னு காட்டுங்க பாப்போம். காட்டிட்டீங்கன்னா நான் தொழில விட்டுர்றேன். எப்படியும் இன்னிக்கு விட வேண்டியதுதான, உங்க புண்ணியத்துல.

கோவமா? எனக்கா? உங்க கம்பெனிக் கடுதாசியில எல்லாம் தெளிவா இருக்கையில எதுக்குக் கோவம்? கோல்மன் மேனியன், கூரை வேல, புகைபோக்கி வேல. வேல செய்யறப்ப அடுத்தவனுக்கு ஏதாச்சும் அடிபட்டா நஷ்டஈடு கம்பெனி குடுக்கும். உயரம் நீங்கலாக. ஏணி நீங்கலாக. இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு மணிலேருந்து. நோரா படிச்சுப் பாத்துட்டு, அதுக்கென்ன, இனிமே ஊர்ல இருக்கற புகைபோக்கியெல்லாம் இறங்கி நம்ம வாசலுக்கு வரட்டும், நீ நாற்காலி போட்டு உக்காந்து சுத்தம் பண்ணுன்னா.

உயரத்தையும் சேக்கணும்னா போன வருஷம் கட்டினதுக்கு மூணு மடங்கு பணம். என் வேனையும் நோராவையும் சேத்து வித்தாலும் தேறாது. நோராவ வாங்க ஆள் வராது, அது வேற கத.

பணத்தக் கட்டலேன்னா இன்ஷூரன்ஸ் இருக்குன்னு காட்டற சான்றிதழ் கெடயாது. அது இல்லாம பங்குச் சாமியார் என்னய மண்டபத்துப் பக்கம் விட மாட்டாரு. பள்ளிக்கூடம் விடாது. அவ்வளவு ஏன், என் சொந்தத் தங்கச்சி, மதுக்கடை வச்சிருக்கா, அவளே விட மாட்டா. உன்னய விட்டா என் இன்ஷூரன்ஸ் ஏறும்ணேங்கறா. பாவம், அவளுதும் ஏறித்தான் கெடக்கு. டார்ட் பலகையக் கழட்டிட்டா. அம்பு எறியறது ஆபத்தாம். இப்ப சீட்டுதான் ஆடறாங்க. அதுலதான் மூக்கு உடையுது.

தெரியும் சார், தெரியும். கீழ நின்னப்பவே சொல்லிட்டீங்களே. உங்க கையில ஒண்ணுமில்ல, டப்ளின்ல கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும்னு. அதுக்குத்தான் ஒரு தடவ மேல ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்கன்னேன். கம்ப்யூட்டர ஏத்த முடியாதுல்ல.

எம்மேல கேஸ் இருக்கா? இருக்கு, ஏன் இல்ல. ஒண்ணே ஒண்ணு. லோர்க்கன் டீவின்னு ஒருத்தன். அவன் வீட்டுக் கூரையிலேருந்து ஒரு ஸ்லேட்டு வழுக்கி விழுந்துச்சு. விழுந்தது செவ்வாக்கிழம. விழுந்த எடம் பட்டாணிப் பாத்தி. லோர்க்கன் அன்னிக்கு எங்க இருந்தான்? ஸ்பெயின்ல, கடற்கரையில, வெயில்ல தோலுரிஞ்சு கெடந்தான். ஊருக்கு வர்றப்ப கழுத்துல பட்ட கட்டிட்டு வந்தான். என்னடா லோர்க்கன்னா, உன் ஸ்லேட்டாலதாங்கறான். கழுத்து எப்பலேருந்துடா வலிக்குதுன்னா, ஞாயித்துக்கிழமலேருந்துங்கறான். ரெண்டு நாள் முந்தியே! இந்தக் கழுத்தக் கொண்டுபோயி வானிலை அறிக்கை சொல்ல வைக்கலாம் சார்.

உங்க வக்கீலு என்ன சொன்னாரு தெரியுமா? சண்ட போட்டாச் செலவு அதிகம், குடுத்துத் தொலச்சுருவோம்னாரு. குடுத்தாங்க. லோர்க்கன் அந்தக் காசுல சந்தையில ஒரு காள வாங்கி, அதுக்கு உங்க கம்பெனி பேரையே வச்சான். நெசமா சார். போற வழியில பாருங்க, வேலி தாண்டி முட்ட வரும். பேரச் சொல்லிக் கூப்பிட்டா நின்னுரும், ஆனா ஒண்ணும் குடுக்காது.

சிரிக்காதீங்க, ரொட்டி புரையேறும். அந்தப் பெரிய புகைபோக்கிக்கு அந்தாண்ட போயி நில்லுங்க, காத்து அடிக்காது. ஏரி தெரியுதா? அந்த ஏரியத்தான் பேக்கி டர்கனோட கோட்ட தாண்டிச்சு. ஆமா, கோட்டதான். புள்ளைங்க ஏறிக் குதிக்கற ரப்பர் கோட்ட, காத்தடிச்சு நிறுத்துவாங்கள்ல, அது. கோயில்ல புள்ளைங்க மொதத் தடவ அப்பம் வாங்கற புது நன்மை விருந்துக்கெல்லாம் அவன்தான் வாடகைக்குக் கொண்டு வருவான். ஒரு புள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கெடயாது. ஒரு நா ஒரு புயல் வந்துச்சு பாருங்க. நல்ல வேள, புள்ளைங்க கேக் சாப்பிடப் போயிருந்தாங்க. உள்ள இருந்தது சாமியார் மட்டும்தான், செருப்பக் கழட்டிட்டு, யாரும் பாக்கலன்னு, சும்மா ஒரு ரெண்டு குதி குதிச்சுப் பாப்போமேன்னு...

கொஞ்சம் இருங்க. மணி அடிக்குது. பன்னெண்டாயிருச்சு, மூவேளைச் செபம். தொப்பிய எடுத்தாச்சு. நீங்களுமா? பாத்தீங்களா, டப்ளின்லயும் தாய்மாருங்க புள்ளைங்கள ஒழுங்காத்தான் வளக்கறாங்க. கோயிலு அந்தப் பக்கம் சார், அப்படித் திரும்பி நில்லுங்க. கண்ண மூடிக்கங்க.

ஆமென்.

எங்க விட்டேன்? ஆங், சாமியாரு. கோட்ட அப்படியே எழும்பிருச்சு, சாமியாரோட. ஏரி மேல போகுது. மீன் புடிச்சிட்டிருந்தவனெல்லாம் படகுல முழங்கால் போட்டுட்டான், சாமியாரு மேலேருந்து ஆசீர்வாதம் குடுத்துட்டே போறாரு. எறங்கினது பக்கத்து மாவட்டத்துல, ஒரு புரொட்டஸ்டன்ட் அம்மாவோட தோட்டத்துல. அந்தம்மா கேஸ் போடல, டீ குடுத்து அனுப்பிச்சா. ஆனா பேக்கிக்கு அடுத்த வருஷம் வந்த இன்ஷூரன்ஸ் வெல இருக்கே, கோட்ட தாண்டின உயரத்த விட உசரம். வித்துட்டான். இப்ப அந்தக் கோட்டயப் போட்டு ஒருத்தன் வைக்கோல் மூடி வச்சிருக்கான்.

பொய்யா? சரி, பாதி பொய்தான். சாமியாரு உள்ள இல்ல. வித்தது நெசம், வெல நெசம்.

இறங்கணுமா? எதுல சார்?

ஏணியா? இங்கதான் இருக்கு. புல்லுல படுத்திருக்கு. நீங்க கண்ண மூடி நின்னீங்கல்ல, அப்ப சத்தமில்லாம சாச்சுப் படுக்க வச்சேன். பன்னெண்டு அடிச்சுருச்சே சார். இனிமே அந்த ஏணிக்கு இன்ஷூரன்ஸ் கெடயாது. அதுல நீங்க கால வச்சு, வழுக்கி, கழுத்துல ஏதாச்சும் ஆச்சுன்னா? அதும் செவ்வாக்கிழம ஆகி ஞாயித்துக்கிழமலேருந்து வலிச்சா? நஷ்டஈடு யாரு குடுப்பா? உங்க கம்பெனி குடுக்காது, எழுத்துல இருக்கு. நான் சட்டத்துக்குப் பயந்தவன்.

மிரட்டலா? ச்சச்ச. மிரட்டறவன் டீ அனுப்புவானா?

வேற ஏணிக்காரங்க இருந்தாங்க சார், ரெண்டு பேரு. வெள்ளையடிக்கற ஓயின். உங்க வெலயப் பாத்துட்டு ஏணிய வித்துட்டு ஆஸ்திரேலியா போயிட்டான். ஆன்டெனா கட்டற டெர்மட், ஏணி வச்சிருக்கான், ஆனா அதுல அவரக்கொடி ஏறி இப்பத்தான் பூ விட்டிருக்கு. உங்க கம்பெனி ரொம்பச் சுத்தமா வேல பாத்திருக்கு சார். இந்த ஊர்ல ஒருத்தர மேலேருந்து கீழ எறக்கறதுக்குத் தகுதியுள்ள ஆளு இன்னிக்குத் தேதிக்கு ஒருத்தன் கெடயாது.

தீயணைப்பு வண்டியா? தாராளமாக் கூப்பிடுங்க. நல்ல பசங்க. கூரை மேல ஏன் ஏறுனீங்கன்னு கேப்பாங்க. சொல்லுங்க, உயரத்துல வேல செய்யறது எவ்வளவு ஆபத்துன்னு பாக்கறதுக்காகன்னு. ஊரு பூரா சொல்லுவாங்க, அவ்வளவுதான். டப்ளின் வரைக்கும் போகும், நல்லாச் சொல்லுவாங்க.

இல்லேன்னா உங்க ஆபீசுக்கே ஒரு போன் போட்டுப் பாருங்களேன். மேல சிக்னல் பிரமாதமா கெடைக்கும். கையில ஒண்ணுமில்லன்னீங்க, கையில போன் இருக்குல்ல? ஏணியும் உயரமும் சேத்து, போன வருஷத்து வெலைக்குப் போட்டுட்டா, அந்த நிமிஷமே ஏணி நிக்கும். நானே புடிச்சுக்குவேன், ரெண்டு கையாலயும்.

என்ன சொல்றாங்க? ரெண்டு மடங்குக்கு வந்துட்டாங்களா? பாத்தீங்களா, கம்ப்யூட்டருக்கும் மனசு இருக்கு. நீங்க பேசுங்க, அவசரமே இல்ல. ஏரிக்கு அந்தாண்ட மழ எறங்கிருச்சு, நான் வேனுக்குள்ள உக்காந்துக்கறேன். ஒழுகுமேன்னு கவலப்படாதீங்க சார், என் கூரை ஒரு சொட்டு ஒழுகாது. கீழ இருக்கறவங்களுக்கு.