பூட்டியிருந்த நாற்பத்தோரு வீடுகள்

— ‘எல்லா வீட்டுக்கும் நீயே போனியா கண்ணு?’ன்னு அன்னைக்கு ஒரு வாட்டி கேட்டீங்களே மேடம். ஞாபகம் இருக்கா?

— கேட்டிருப்பேன் லீலா. சர்வே முடிஞ்சா எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். அதுக்கா ஊர் அந்தக் கோடி ஏரவாடாவுல இருந்து ரெண்டு பஸ் மாறி இந்தக் கோடி ஔந்துக்கு வந்தே? உள்ள வா. அவங்க யாரு, வாசல்லயே நிக்கறாங்க?

— எங்க பட்டு அத்தை, பக்கத்து வூடு. ஒரு கை வராது அவங்களுக்கு. இருங்க அத்தை, செருப்ப நான் கழட்டறேன்.

— நா இங்கியே, கதவாண்ட குந்திக்கிறேம்மா. நீ பேசு லீலா. சாயங்கால நேரத்தக் கேளு, மறந்துடாத.

— என்ன நேரம் கண்ணு?

— எங்க சந்து முனையில டிரஸ்ட்காரங்க தவாகானா மேடம், அந்த தர்ம ஆஸ்பத்திரி. பிரஷர் மாத்திரை சும்மா குடுப்பாங்க. முந்தி சாயங்காலம் ஆறுலேர்ந்து எட்டு. போன வருசம் காலைல பத்துலேர்ந்து பன்னண்டுன்னு மாத்திட்டாங்க. அந்நேரத்துக்கு எங்க பொம்பளைங்க யாரு வூட்ல இருப்பாங்க? எல்லாம் இங்க உங்காளுங்க வூட்ல பாத்திரம் தேய்ச்சுக்கினு இருக்கும்.

— அதுக்கு நான் என்ன பண்ணோணும்?

— போன வாரம் அத்தையோட போயி கேட்டேன். கம்பவுண்டரு உங்க சர்வே கட்டுரை பேப்பர எடுத்து மேசையில போட்டாரு. நூத்தம்பது பேர்கிட்ட கேட்டு பெரிய புக்குல வந்திருக்கு, பாதிக்கு மேல காலைலன்னு சொல்லியிருக்காங்க, இல்லன்னு சொல்ல நீ யாருன்னாரு. முதல் பக்கத்துல டாக்டர் கிருஷ்ணப்ரியான்னு உங்க பேரு, பாலசுப்ரமணியன் சார் பேரு. கடைசியில நன்றின்னு என் பேரு. படிச்சிட்டு, இது நீதானன்னு சிரிச்சாரு.

— எழுபத்தேழு பேரு காலைலன்னாங்க. எனக்கு நல்லா ஞாபகமிருக்கு. அவங்க சொன்னதத்தான நான் எழுதினேன்?

— அதுல நாப்பத்தோரு பேரு சொல்லல மேடம். நான் எழுதினது.

— என்ன சொல்றே?

— நான் காலைலதான் போவேன். சாயங்காலம் சந்து பூரா ஆம்பளைங்க கேரம் போட்டுக் குந்தியிருப்பாங்க. நடுவுல பூந்து போக கூச்சம். காலைல போனா பூட்டு. மறுநாள் போனாலும் பூட்டு. நீங்க வெள்ளிக்கிழமைக்குள்ள நூத்தம்பது வேணும்னு போன் மேல போன். ஒரு நாள் ஒரு வூட்டுப் படியில குந்தினு, உள்ள இருக்கிற பொம்பள எப்டிப் பேசுவான்னு என் நோட்டுல எழுதிப் பாத்தேன். படிப்பு ஒம்பதாவதோட நின்னாலும் எழுதறது மட்டும் விடல மேடம், யாருக்கும் தெரியாது. நல்லா வந்துச்சு. அதயே ஃபாரத்துல எறக்கிட்டேன். அப்புறம் பூட்டின வூடெல்லாம் அப்டித்தான்.

— எழுதினதுதான் எழுதினே. எதுக்குக் காலைலன்னு போட்டே?

— காலைல வூட்ல இருந்தாத்தான நான் கேட்டிருக்க முடியும். சாயங்காலம்னு போட்டா மாட்டிக்குவேன்னு பயம்.

— பூட்டியிருந்ததே பதில் தானே கண்ணு. காலைல அவங்களால முடியாது. அத ஒரு வரி எழுதியிருந்தாப் போதும்.

— இப்பதான் புரியுது.

— …எனக்கு அப்பவே புரிஞ்சிருக்கோணும். அந்த நாப்பத்தொண்ண நான் தனியா எடுத்து வெச்சுப் பாத்திருக்கேன்.

— மேடம்?

— மத்ததெல்லாம் அடிச்சு, சைடுல கிறுக்கி, மஞ்சக் கறையோட இருக்கும். அது மட்டும் சுத்தமா, ஒரு அடித்தல் இல்லாம. ஆளாளுக்கு முழு வாக்கியமாப் பேசியிருந்தாங்க. சந்தேகப்பட்டுத்தான் உன்கிட்டக் கேட்டேன். நீ தலையாட்டினே. அது எனக்குப் போதும்னு இருந்துச்சு. எனக்கு மேல இருக்கற சார் கட்டுரைய அனுப்பு அனுப்புங்கறாரு, என் வேலையும் அந்தக் கட்டுரையிலதான் நின்னுச்சு. இன்னொருக்கா கேட்டா நீ உண்மையச் சொல்லிருவியோன்னு கேக்கல.

— கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். அப்ப ரெண்டு நாளா வாயிலயே வெச்சினு இருந்தேன்.

— …இரு. டிரஸ்ட்டுக்கு நானே போன் போடறேன். நேரத்த மாத்தச் சொல்றேன். கட்டுரையத் தொட வேண்டாம் கண்ணு. தொட்டா சாரு, காலேஜு, எல்லாம் வரும்.

— மேடம் சொன்னா மாத்துவீங்களான்னு நானும் கேட்டேன். அந்தப் பேப்பர் இருக்கிற வரைக்கும் அதான் கணக்குன்னாரு கம்பவுண்டரு. அதப் பாத்து இன்னும் ரெண்டு தவாகானாவுல நேரம் மாத்தப் போறாங்களாம்.

— இன்னும் ரெண்டா?

— ஆமா மேடம்.

— …அந்த லேப்டாப்ப எடு. பத்திரிகை ஆசிரியருக்கு எழுதறேன். ‘ஃபாரத்த கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப சில தப்பு நடந்துருச்சு’ன்னு ஆரம்பிக்கறேன்.

— தப்பு நடக்கல மேடம். நாம பண்ணோம்.

— …சரி. அழிச்சுட்டேன். ‘நாப்பத்தோரு ஃபாரம் பொய். சந்தேகம் இருந்தும் சேத்தது நான். கட்டுரையத் திரும்ப எடுத்துக்கறேன்.’ இத இங்கிலீஷ்ல போடறேன். உன் பேரு வேண்டாம். போட்டா மொத்தத்தையும் உன் தலையில கட்டிருவாங்க.

— நன்றில என் பேரு இருக்கே, அதயும் எடுத்துடுங்க. அந்தப் பக்கத்த நோட்டுல ஒட்டி வெச்சிருந்தேன். வூட்ல யாருக்கும் படிக்கத் தெரியாது, நான் மட்டும் எடுத்து எடுத்துப் பாத்துக்குவேன். நேத்து கிழிச்சிட்டேன்.

— ஃபாரம் நம்பரெல்லாம் சொல்லோணுமே.

— மனப்பாடம் மேடம். பன்னண்டு, பத்தொம்பது, முப்பத்தி நாலு, எழுபத்தி மூணு…

— எழுபத்தி மூணு. இத நான் கட்டுரையில அப்படியே போட்டேனே. ‘காலைல பத்து மணிக்கு நான் யாருக்கும் வேலைக்காரி இல்ல. மாத்திரை ஒரு நாள் தவறினதில்ல.’ எங்க பேசினாலும் இதப் படிச்சுக் காட்டுவேன். எந்த வீடு அது?

— எங்க வூட்டுக்கு அடுத்த வூடு. பக்கத்துலதான, எப்ப வேணா கேட்டுக்கலாம்னு கடைசியா வெச்சிருந்தேன். அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துடுச்சு.

— அடுத்த வீடுன்னா… லீலா, அந்தக் கை…

— நேரம் மாத்தினப்புறம் ஏழு மாசம் மாத்திரை இல்ல. தை மாசம் வேலை செய்ற வூட்லயே விழுந்தாங்க. ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு.

— மெதுவாப் பேசு. அவங்களுக்குக் கேக்குது.

— கேக்கட்டும்னுதான் கூட்டினு வந்தேன் மேடம். ஏழெட்டு வாட்டி அவங்க வாசல்ல போயி நின்னேன், வாய் வரல. சாயங்கால நேரம் கேக்கப் போறோம்னு சொல்லித்தான் கூப்பிட்டேன். உங்களாண்ட சொன்னதெல்லாம் அவங்களுக்குச் சொன்னது.

— எந்திரிச்சுட்டாங்களே. ஏனுங்கம்மா, ஒரு நிமிஷம் இருங்க.

— அத்தை. ஒரு வார்த்த திட்டிட்டுப் போங்க அத்தை.

— லிஃப்ட் இந்தப் பக்கமுங்க, படியில வேண்டாங்க. லீலா, ஓடு, போயிக் கையப் புடி.

— புடிக்க விட மாட்டாங்க மேடம். பாருங்க, செருப்பு இங்கியே கீது. அத நான் மாட்டி விடக்கூடாதுன்னு வெறுங்காலோட எறங்கறாங்க.