குவளை யார் மேஜையில்

உங்கள் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை அந்தக் கோப்புக் கட்டு அடைத்துக்கொண்டிருக்கிறது ஐயா. கொஞ்சம் தள்ளி வைத்தால் சூடு வெளியே போகும், மெஷினும் கூடக் கொஞ்ச காலம் உழைக்கும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே போனாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

சொல்கிறேன். பதற்றம் ஒன்றும் இல்லை, தண்ணீர் வேண்டாம். தட்டச்சு செய்கிறவரின் வேகத்துக்குத் தகுந்தபடி நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

அத்தானுடையது கட்டட வரைபட ஆபீஸ். அத்தான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். கீழே ஆபீஸ், மாடியில் அவர்கள் குடித்தனம், மாடிப்படிக்கு அடியில் கதவில்லாத ஓர் அறையில் சர்வர், சர்வருக்குப் பக்கத்தில் நான். அக்கா முகத்துக்காகக் கொடுத்த வேலை இது என்று அத்தான் வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம் மட்டும்தான் சொல்வார்.

அத்தானுக்கு ஆப்பிள் மேக். அதன் பளபளப்பைப் பார்த்துத்தான் ஜனங்கள் தங்கள் வீட்டை நம்பி ஒப்படைக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். படம் வரைகிற பையன்களுக்கு விண்டோஸ். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வர் லினக்ஸ், அது நான் வைத்தது. வரைபடங்கள் எல்லாம் சர்வரில் இருக்கும். அவரவர் தங்கள் மெஷினிலிருந்து திறந்து, வரைந்து, அங்கேயே சேமிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதா? மூன்றும் மூன்று வீட்டில் வளர்ந்தவை ஐயா. இவனுக்குத் தெரிகிற ஃபோல்டர் அவனுக்குத் தெரியாது. நேற்று வாயை மூடிக்கொண்டு திறந்தது, இன்று பாஸ்வேர்டு கேட்கும்.

கேட்டதும் என்ன ஆகும்? "ஒயர் அண்ணே, கொஞ்சம் வாங்களேன்" என்று ஒரு குரல் வரும். ஒயர் அண்ணன் என்பது நான்தான். எழுந்து போவேன். நாற்காலியை விட்டு அவர்கள் எழுந்து நிற்பார்கள், நான் உட்காருவேன். ஒரு கேபிளைப் பிடுங்கிச் செருகுவேன், பிறகு ஒரு பெருமூச்சு விடுவேன். பெருமூச்சு ரொம்ப முக்கியம். அது இல்லாமல் சரி செய்தால் வேலை சுலபம் என்று நினைத்துவிடுவார்கள். "எல்லாம் வேற வேற ஊர் மெஷின் தம்பி, ஒத்துப்போக வைக்கிறதுக்குள்ள உயிர் போயிடுது" என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பேன். அத்தான்கூட அந்த நேரத்தில் மட்டும் என்னை "மாப்ளே" என்று கூப்பிடுவார்.

இப்போது ஒரே ஒரு சங்கதியை மட்டும் கவனமாகக் கேளுங்கள், மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. ஒரு வரைபடத்தை ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், "வேறொருவர் திறந்திருக்கிறார், பார்க்க மட்டும்தான் முடியும்" என்று மெஷின் தடுக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் தடுக்காது. மேக் ஒரு வாசல் வழியாக சர்வருக்குள் வரும், விண்டோஸ் இன்னொரு வாசல் வழியாக வரும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு வாசல்காரன் இன்னொரு வாசல்காரனுக்குச் சொல்ல மாட்டான். இரண்டு பேரும் திறப்பார்கள், இரண்டு பேரும் வரைவார்கள். கடைசியாக யார் சேமிக்கிறாரோ அவருடையது நிற்கும். முன்னால் சேமித்தவர் வேலை போன இடம் தெரியாது.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சிவப்புக் குவளை. பிளாஸ்டிக், கைப்பிடி உடைந்தது. அத்தானும் பையன்களும் மாறி மாறிக் கை வைக்கிற வீட்டுப் படத்தைத் திறந்தால், அந்த வீட்டின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் குவளையில் போட்டு உங்கள் மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். குவளை யார் மேஜையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் படத்தைத் தொடலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், நன்றாகவே நடந்தது. புதிதாக வருகிறவர்களிடம் பையன்கள், "இது நம்ம ஒயர் அண்ணன் சிஸ்டம்" என்று சொல்வார்கள். அத்தான்கூடக் குவளை கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். வீட்டில் சாம்ராஜ்யம், ஆபீஸில் குவளைக்குக் க்யூ.

வாசல்காரர்களைப் பேச வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். சர்வர் செட்டிங்கில் ஒரே ஒரு வரி. அந்த வரியை நிறுத்தி வைத்திருந்ததே நான்தான்.

பிறகு அந்த இன்ஜினியர் பெண் வந்தாள். கம்பி, கான்கிரீட் கணக்கெல்லாம் பார்க்க அத்தான் வைத்த ஆள், அவளுக்கும் விண்டோஸ். மரியாதை தெரிந்த பெண், அதில் குறை சொல்ல மாட்டேன். குவளையை ஒரு வாரம் பார்த்தாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு என் அறைக்கு வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். தாராளமாகப் பாரும்மா என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டு விழி பிதுங்கட்டும் என்றுதான். இடது கையில் டப்பா, வலது கையால் கீபோர்டு. டப்பா காலியாவதற்குள் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"இதை யாரோ ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க அண்ணே" என்றாள்.

என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளாகவே, "பழைய செட்டிங்கா இருக்கும். ஆன் பண்ணிட்டேன், விடுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள். யாரிடமும் வாய் திறக்கவும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றினாளாம். அந்த நல்ல மனசுதான் எனக்கு எரிந்தது ஐயா. மட்டம் தட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அதற்குப் பிறகு பாஸ்வேர்டு சிக்கலையும் அவளே தீர்த்தாள், எல்லாம் எல்லோருக்கும் திறந்தது. தடுக்க வேண்டியதை மெஷினே தடுத்தது. ஒருவரும் கூப்பிடவில்லை. காலையில் வந்து உட்காருவேன், சர்வர் விசிறி சுற்றுவதைக் கேட்பேன், சாயங்காலம் எழுந்து போவேன். யாரோ ஒரு பையன் சிவப்புக் குவளையில் பென்சில் போட்டு வைத்திருந்தான்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மாடியில் அக்கா வீட்டு டிவிக்கு அத்தானின் மேக்கில் இருக்கும் போட்டோக்கள் சரியாக வராது. விட்டு விட்டு வரும், அதற்காக அக்கா என்னைக் கூப்பிடுவாள், அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகவே போய் நின்றேன். "டிவியா? அது அந்தப் பொண்ணு ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிட்டாளே. நீ இத்தனை நாளா என்னடா தம்பி பண்ணிட்டிருந்தே?" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அன்று சாப்பிடச் சொல்ல மறந்துவிட்டாள்.

மறுநாள் காலை, காதும் காதும் வைத்தாற்போல், அந்த வரியை மறுபடி நிறுத்தினேன்.

என் உத்தேசம் சின்னது. இரண்டு பேர் வேலை அழியும், நாலு பேர் தலையைச் சொறிவார்கள், "ஒயர் அண்ணே" என்று கூப்பிடுவார்கள், நான் பெருமூச்சு விடுவேன். அவ்வளவுதான். குவளையை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் காரணம் கேட்பார்களே.

அந்த வாரத்திலேயே ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பெண் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டு பால்கனி. தூண் இல்லாமல் சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி. "அதுக்கு மெயின் கம்பி மேல் பக்கம் வரணும். நம்ம ஆள் கீழ் பக்கம் போட்டு வரைஞ்சிருக்கார். அப்படியே போயிருந்தா, கீழே தாங்குற முட்டு பிரிச்சதும் இறங்கிடும். நல்லவேளை பார்த்தேன். இன்னிக்கே திருத்திடறேன்." எனக்கும் புரிந்தது. நான் ஒன்றும் மண்டு இல்லை.

யார் எந்தப் படத்தைத் திறந்திருக்கிறார்கள் என்பது சர்வர் திரையில் தெரியும். அன்று பிற்பகல் அந்த வீட்டுப் படத்துக்குக் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவள். இன்னொன்று அத்தான். வீட்டுக்கார அம்மாவுக்கு பால்கனிக் கதவு சற்றுத் தள்ளி வர வேண்டுமாம், அதற்காகத் திறந்திருந்தார். தடுப்பு வரவில்லை, அதனால் இரண்டு பேருக்கும் சந்தேகமும் வரவில்லை. அவள் கம்பியை மேலே ஏற்றினாள், சேமித்தாள், மூடினாள், வேறொரு கட்டடத்தைப் பார்க்கப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "வரேன் அண்ணே" என்றாள். சரிம்மா என்றேன். பிறகு அத்தான் தன்னிடம் இருந்த பழைய படத்தில் கதவை நகர்த்திவிட்டு, அவள் சேமித்ததன் மேலேயே அதைச் சேமித்தார். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். பிரின்டரில் தாள் சிக்கிக்கொண்டதாம். மெதுவாக, கிழியாமல் உருவினேன். அந்த வீட்டுப் படம்தான். கதவு புது இடத்தில் இருந்தது, கம்பி பழைய இடத்தில், கீழே. தாளை நீவி, மடித்து அத்தான் கையில் கொடுத்தேன். "தேங்க்ஸ் மாப்ளே" என்றார். என்னைக் கேட்டது தாளைப் பற்றி மட்டும்தான் ஐயா, கம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்த வீட்டைக் கட்டிய மேஸ்திரி, கம்பியைக் கீழே போட மனசு கேட்காமல் ஆபீஸுக்குப் போன் செய்தாராம். அத்தான்தான் எடுத்தார். "படத்துல உள்ளபடி போடுங்க. நம்ம புது இன்ஜினியர் ஒவ்வொரு கம்பியும் பார்த்துக் குடுத்தது" என்று சொன்னது என் காதிலும் விழுந்தது. அவள் மேல் அத்தனை நம்பிக்கை.

கான்கிரீட் போட்டு, இறுகி, முட்டு பிரித்த அன்று பால்கனி இறங்கியது. கீழே நின்று முட்டுக் கம்புகளைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்த சென்டரிங் வேலைக்காரர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அவருடைய சட்டை பக்கத்து ஜன்னல் கம்பியில் மாட்டியபடியே இருந்தது என்று பையன்கள் சொன்னார்கள். எனக்கும் வருத்தம்தான். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை.

அந்தப் பெண் ஆபீஸுக்கு ஓடி வந்தாள். "நான் திருத்தினேன் சார். சேவ் பண்ணிட்டுத்தான் போனேன்." அத்தான் மேக்கைத் திருப்பிக் காட்டினார். "ஃபைல்ல இல்லையேம்மா." அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் என் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, பேக்கப்ல ஒரு தடவை பாருங்களேன். நீங்கதான் பார்க்கணும்."

நீங்கதான் பார்க்கணும். அவள் வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. உட்கார்ந்து தேடினேன். சர்வர் மணிக்கொரு தரம் பிரதி எடுத்து வைக்கும். அவள் சேமித்ததற்கும் அத்தான் சேமித்ததற்கும் நடுவில் எடுத்த பிரதி பத்திரமாக இருந்தது. கம்பி மேலே, அழகாக. திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, "இல்லையேம்மா" என்றேன். "இன்னொரு தடவை பாருங்கண்ணே" என்று கெஞ்சினாள். இன்னொரு தடவை பார்த்தேன். பெருமூச்சு விட்டேன். சாயங்காலம் வரை என்னை விட்டு நகரவில்லை. நீங்கள் ஜீப்பில் ஏற்றி அவளை அழைத்துப் போகிறவரை "அண்ணே, அண்ணே" என்று என்னையேதான் நம்பிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை அப்போதே எடுத்துக் கொடுத்திருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருப்பாள், பிறகு எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

இத்தனை நாள் வாயைத் திறக்காதவன் இன்றைக்கு நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் அனுப்பிய நிபுணரால்தான். நேற்று வந்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, அந்த வரி நிறுத்தப்பட்டிருப்பதைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் என்ன சொன்னார் தெரியுமா? "ஏதாவது அப்டேட் வந்தப்போ தானா மாறியிருக்கும் சார். யார் மேலயும் தப்பில்லை. பார்த்துக்க ஆளே இல்லாத சர்வர், இப்படித்தான் ஆகும்." அத்தான் தலையை ஆட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருக்குத் தேநீர் கொண்டு வந்தவனே நான்தான்.

ஆளே இல்லாத சர்வராம். அந்தப் பெண்ணை இனி விட்டுவிடுவீர்கள் என்று கேள்வி. நல்லது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னையும் யாரும் தேடப்போவதில்லை. பேசாமல் இருந்திருந்தால் காலம் ஓடியிருக்கும். ஆனால் அப்டேட் வந்தால் அந்த வரி மாறாது ஐயா, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அது தானாக நடக்கவில்லை. நிறுத்தியவன் நான். இரண்டு பெயரையும் திரையில் பார்த்தவன் நான், தாளை உருவிக் கொடுத்தவன் நான், பிரதியை மறைத்தவன் நான். இதோ, இந்தப் பென்டிரைவில் இருக்கிறது, கம்பி மேலே இருக்கும் படம். உங்கள் நிபுணரிடம் காட்டுங்கள். அந்த சர்வரை ஆள் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கே கையெழுத்து? இங்கேயா? சரி.

தட்டச்சு செய்கிறவர் மறுபடி எங்கே எழுந்து போகிறார்? பிரின்ட் எடுக்கப் பக்கத்து அறைக்கா? நான் வந்ததிலிருந்து பார்க்கிறேன், ஒவ்வொரு பக்கத்துக்கும் பென்டிரைவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இந்த மெஷின் விண்டோஸ், அந்த அறையில் இருப்பது லினக்ஸ், அதனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. பெரிய வேலை இல்லை ஐயா. இனிமேல் நான் எங்கே இருப்பேன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு குரல் கொடுங்கள், வந்து பார்த்துவிடுகிறேன்.