சுருட்டுப் புகையையும் நோயையும் பிரித்தறிந்த டாக்டர் மரகதம் அம்மையாருக்கு

கோவை தந்த கோதையே! நடுவட்டத்து நடுக்கும் குளிரிலும் நடை தளராத நல்லாளே! சிலோனிலிருந்து கண்ணீரோடு கப்பலேறி வந்து இத்தேயிலைச் சரிவில் குடியேறிய எம் மக்களுக்குத் தாயும் தமக்கையுமாய் வாய்த்தவரே! வணக்கம்.

தங்கள் தொண்டுகளையெல்லாம் அடுக்கத் தொடங்கினால் மேடையிலுள்ள வடை ஆறிவிடும். மருதாயியின் கதை ஒன்றே போதும்.

புற்றுநோய்க் கட்டிக்காகக் கோவையில் ஒரு மார்பை எடுத்துவிட்டுத் திரும்பியவர் மருதாயி. நோய் மறுபடி தலைதூக்குகிறதா என்று பார்க்க, சி.இ.ஏ. என்னும் ரத்தச் சோதனைக்குத் தாங்கள்தான் ஏற்பாடு செய்தீர்கள். பனிக்கட்டிப் பெட்டியில் ரத்தம் பஸ்ஸேறி மலையிறங்கும். பதில் வரும்வரை அந்தத் தாய்க்குச் சோறு இறங்காது. ஓராண்டாய் அடங்கிக் கிடந்த அந்தச் சோதனை அளவு, ஒரு மழைக்காலத்தில் ஏறிவிட்டது. மகளுக்கு அப்போதுதான் பரிசம் போட்டிருந்தது. "இன்னொரு தடவ கத்தி வேணாம் சாமி, லயத்து வீட்டுலயே கெடந்து செத்துப்போறேன்" என்று மருதாயி தலையிலடித்துக்கொண்டார்.

தாங்களோ பதறவில்லை. தொட்டுப் பார்த்தீர்கள், நெஞ்சுப் படம் எடுத்தீர்கள்; எதிலும் நோயின் அறிகுறி இல்லை. "ஏனம்மிணி, சுருட்டுக் குடிக்கிறயா?" என்றீர்கள். கேட்கக்கூடாத நேரம்! சம்பந்தியாகப்போகும் அழகையா பக்கத்திலேயே நின்றிருந்தார். "ஐயோ, அந்தக் கருமத்தத் தொட்டதே இல்லீங்க டொக்டர்!" என்று சத்தியமே செய்துவிட்டார் மருதாயி. சிலோன் மலைக் குளிருக்குப் பழகிய சுருட்டைத் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து இழுப்பவர் அவர். உயிர் போனாலும் சம்பந்தி முன்னால் மானம் போகலாமா!

அழகையாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு மறுபடி கேட்டீர்கள். "பொகை குடிச்சாலும் இந்த அளவு ஏறும் அம்மிணி. நீ ஒளிச்சா, நோவுன்னு நெனச்சுப்போட்டு வீணாக் கடும் மருந்து ஏத்திப்போடுவோம்." மருதாயி மடியை அவிழ்த்துப் பாதிச் சுருட்டை மேசைமேல் வைத்தார். "இதை விட்டும் அளவு எறங்கலீன்னா, கோயமுத்தூருக்கு நானே கூட்டீட்டுப் போறேன்" என்று உறுதி சொன்னீர்கள்.

சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் போனது. அளவு இறங்கியிருந்தது. ஆளனுப்பாமல், கொட்டும் மழையில் தாங்களே மருதாயியின் லயத்து வீட்டுக்கு நடந்தீர்கள். காலில் விழுந்தவரைத் தூக்கி நிறுத்தி, தாங்களும் தேம்பி அழுதீர்களே! கண்டிப்புக்குப் பெயர்போன எங்கள் டாக்டரா இவர் என்று அசந்து நின்றோம்.

பணி ஓய்வு பெற்று மலையிறங்கும் மாதரசியே! இனியாவது வேளைக்கு உண்டு, பகலில் சற்றே கண்ணயர்ந்து, பிணியணுகாப் பெருவாழ்வு வாழ்க! இம்மடலில் நாங்கள் கையெழுத்திடும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருதாயி வந்தார். "எழுதத் தெரியாட்டி என்னங்க? கை வைக்க நான் உசுரோட இருக்கேன்ல!"

இப்படிக்கு,
மருத்துவமனை ஊழியர்கள்,
நடுவட்டம், 1984.

எங்கள் பெயர்களுக்கெல்லாம் மேலே, மருதாயியின் பெருவிரல் ரேகை.