எடது காலு

இல்லண்ணாச்சி, சும்மாதான் கேட்டேன். தப்பா எடுத்துக்கிடாதிய. புது ஆளுங்ககிட்ட எனக்கு இம்புட்டுப் பேசவே வராது. காலேஜ்ல மூணு வருசம் பக்கத்துல இருந்த பிள்ளைட்டயே எண்ணித்தான் பேசுவேன். ஆனா நீங்க நாங்க வந்ததுல இருந்து எங்க காரையே பாத்துக்கிட்டு நிக்கியல்லா, அதான்.

வலை காய வச்சிருக்கியளா? இதுவா? இது காஞ்சு மொடமொடன்னுல்லா கெடக்கு.

சரி, விடுங்க. கோயம்புத்தூர்ல இருந்து வாரோம். கிறிஸ்துமஸ் லீவு நாலு நாளு கெடச்சுது, அப்பாவையும் அம்மாவையும் நான்தான் கார்ல கூட்டியாந்தேன். நாலு வயசு வரைக்கும் இங்கன கீழவைப்பார்லதான் வளந்தேனாம். சங்குச் சதை காயுற வாடை மட்டும் ஞாபகம் இருக்கு. வேற ஒரு முகமும் இல்ல.

உங்க பேரு என்ன சொன்னிய? நல்லக்கண்ணா? டீக்கடைக்காரரு ஏலே மாடக்கண்ணுன்னுல்லா கூப்பிட்டாரு.

ஆளு மாறிக் கூப்பிட்டாரா? நீங்க திரும்பிப் பாத்தியளே.

இன்னொண்ணு அண்ணாச்சி. கார இந்தப் பக்கம் நிப்பாட்டும்மா, அவியளுக்கு எடது காலு வராதுல்லான்னிய. அப்பா உள்ளதான் இருந்தாவ. ரெண்டு காலு மேலயும் துண்டு கெடந்துச்சு. எடதுன்னு எப்படித் தெரியும்?

நடக்கதப் பாத்தியளா? அவிய இன்னும் எறங்கவே இல்லையே!

அப்பா சங்கு குளிக்கப் போனவிய. கீழ முங்குதவருக்குக் காத்து போற ஓஸு குழாயையும் இடுப்புல கட்டுன கயித்தையும், வள்ளத்துல மச்சான்தான் பிடிக்கணுமாம். கூடப் பொறந்தவ தாலிக்காவது பயந்து கைய விடமாட்டான்னு. உங்களுக்குத் தெரியாததா? அன்னைக்கு ஓஸு மடங்கிட்டு. மூச்சு முட்டி, அப்பா ஆழத்துல இருந்து சடார்னு மேல வந்ததுல எடது காலு விழுந்துட்டு. பிடிச்ச ஆளு கண்ணசந்துட்டான்னு அம்மா சொல்லுவா. பத்தொன்பது வருசமா எங்க வீட்டுல அந்தப் பேர எடுக்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரு அண்ணன் உண்டுங்கதே எனக்குப் போன மாசந்தான் தெரியும்.

அப்பா வேற மாதிரில்லா சொல்லுதாவ. மச்சான் கயித்த இழுத்து இழுத்துக் கூப்பிட்டான், நான்தான் இன்னொரு சங்கப் பாத்துட்டுப் பாறை இடுக்குல போனேங்காவ. இத அம்மாட்டச் சொல்லவே அவியளுக்கு இம்புட்டு வருசம் ஆயிட்டு.

என்ன அண்ணாச்சி, கண்ணுல மணலா?

நான் ஒண்ணும் தானா வரல. கண்ணாடி வழியா உங்கள முதல்ல பாத்தது அப்பாதான். கடல்ல காலு நனைக்கணுங்காவ. நான் பிடிக்கேன்னா வேண்டாங்காவ, மச்சான்தான் பிடிக்கணுமாம். அம்மா அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கா. ஆனா கார்க் கதவத் தொறந்து வச்சது அவதான்.

வாங்க மாமா. எந்தப் பக்கம் பிடிக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே.